தமிழ்த் தாத்தா கற்ற பாடம்

தமிழ்த் தாத்தா என்று தமிழுலகம் உரிமையோடு அழைக்கும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். கும்பகோணத்திற்கு அருகிலுள்ள உத்தமதானபுரம் அவருடைய ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இல்லத்தில் இசை இருந்தது, செல்வம் இல்லை. மகனுடைய உள்ளமோ தமிழையே நாடியது. பதினேழாம் வயதில், 1871இல், மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற தம் பெயரை விடுத்துச் சாமிநாதன் என்ற பெயரைக் கொண்டதும் அவ்வாசிரியரின் விருப்பப்படியே ஆகும். 1876இல் பிள்ளையவர்கள் மறையும் வரை நிழல்போல் உடனிருந்து கற்றார்.

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் அக்காலத்தில் தமிழாசிரியராக விளங்கியவர் தியாகராச செட்டியார். இவரும் பிள்ளையவர்களின் மாணாக்கரே, சாமிநாதையருக்கு மூத்தவர். 1880இல் உடல்நலம் குன்றி ஓய்வு பெறக் கருதிய செட்டியார், தம் இடத்திற்குத் தகுந்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தார். நல்ல பதவி, விரும்புவோர் பலர். செட்டியார் உறவைப் பார்க்கவில்லை, செல்வாக்கையும் பார்க்கவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த இருபத்தைந்து வயது இளைஞரை நாடித் தாமே சென்றார். பிரிய மனமில்லாத ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை வேண்டி இசையச் செய்து, சாமிநாதையரைக் கல்லூரி ஆசிரியராக்கினார். தாம் அமர்ந்த இருக்கையைத் தம்மினும் இளையவர்க்கு இவ்வளவு மகிழ்ச்சியோடு அளித்தவர் அரியர்.

வேலையில் அமர்ந்த சில திங்களில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. சேலம் இராமசாமி முதலியார் என்பவர் முன்சீப்பாகக் கும்பகோணத்திற்கு மாற்றலாகி வந்திருந்தார். 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு நாள் சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்களைப் படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவினார். ஐயர் மனத்தில் சற்றே பெருமிதம் இருந்தது. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கலம்பகங்கள், கோவைகள், புராணங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவர், ஒரு நீதிமன்ற அதிகாரியின்முன் தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சினந்து எழுந்து வந்திருக்கலாம். அவையெல்லாம் சமணர் நூல், பௌத்தர் நூல் என்று தள்ளியும் இருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. நூல் கிடைத்தால் படிப்பேன் என்றார். முதலியாரும் தம்மிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்து, தமக்கு அதைப் பாடம் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். பார்த்தீர்களா, தமக்கே விளங்காத நூலைப் பிறர்க்குக் கற்பிக்க வேண்டிய நிலை!

சிந்தாமணி திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் இயற்றிய காப்பியம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை உடையது. நச்சினார்க்கினியர் உரை இருந்தும், சமண சமயக் கருத்துகள் வரும் இடங்களில் ஐயருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தது. சைவ மடத்தில் தமிழ் கற்றவர் அவர். எனினும் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களைத் தேடிச் சென்றார். அங்கே சிந்தாமணி வழிபாட்டிற்குரிய நூலாகப் படிக்கப்பட்டு வந்தது. பண்டிதர்கள் மறந்துவிட்ட நூலை அக்குடும்பங்கள் மறக்கவில்லை. கல்லூரி ஆசிரியர் அங்கே மாணாக்கராக அமர்ந்து, தம் ஐயங்களைச் சொல்லி விளக்கம் கேட்டார்.

அக்காலத்து ஏட்டுச் சுவடிகளைப் படிப்பதும் எளிதன்று. பனையோலையில் எழுத்தாணியால் கீறும்போது ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எகரம் குறிலா நெடிலா என்று பொருள் நோக்கியே தெளிய வேண்டும். செல்லரித்த இடங்கள் வேறு. இவற்றோடு ஏழாண்டு போராடி, பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன.

மணிமேகலைக்கு வந்தபோது பௌத்தம் குறுக்கே நின்றது. கேட்டு அறியக் கும்பகோணத்தில் பௌத்தர் இல்லை. உடன் பணியாற்றிய ஆசிரியர் மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர், அவரே துணைவந்தார். தம் நேரத்தைச் செலவிட்டுப் பௌத்த நூற்கருத்துகளைத் தமிழில் எடுத்துரைத்தார். ஐயர் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1898இல் மணிமேகலை வெளிவந்தபோது, பௌத்த சமய வரலாற்றையும் அதன் கொள்கைகளையும் தமிழர் எளிதில் அறியும் வண்ணம் எழுதிச் சேர்க்க முடிந்தது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. இத்தனை புகழும் பெற்ற பின்னர், எண்பத்தைந்து வயதளவில், 1940 முதல் ஆனந்த விகடன் இதழில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதலானார். முன்சீப்பின்முன் தலைகுனிந்த அந்த நாளை அதில் அவர் மறைக்கவில்லை. அவரே எழுதியிராவிட்டால் நமக்கு அது தெரிந்தே இராது.

தியாகராச செட்டியார், சிந்தாமணி வெளிவந்த மறு ஆண்டாகிய 1888இல் காலமானார். பின்னாளில் சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையில் சாமிநாதையர் தமக்கென ஒரு வீடு வாங்கினார். தந்தையின் பெயரையோ தம் பெயரையோ அதற்கு வைக்கவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அவர் திருக்கழுக்குன்றத்தில் மறைந்த பிறகும், அவ்வீட்டின் பெயர் தியாகராச விலாசம் என்றே இருந்தது.