டோனாவூர் அம்மா

திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டுக்கு அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே மர நிழலில் ஒரு கல்லறை உண்டு. ஆனால் அதன்மேல் பெயர் பொறித்த கல் கிடையாது. பறவைகள் வந்து நீர் அருந்துவதற்கென ஒரு சிறு கல்தொட்டி மட்டுமே அவ்விடத்தைக் காட்டுகிறது. அத்தொட்டியில் பொறிக்கப்பட்டிருப்பது ‘அம்மா’ என்ற ஒரே சொல்.

அங்கே உறங்குபவர் மணம் புரியாதவர், பிள்ளை பெறாதவர், தமிழ் மண்ணில் பிறக்காதவரும்கூட. எனினும் நூற்றுக்கணக்கான தமிழ்க் குழந்தைகள் அவரை அம்மா என்றுதான் அழைத்தனர். அவர்தாம் எமி கார்மைக்கேல் அம்மையார். மதத் தொண்டராக வந்த ஒருவர் எவ்வாறு தாயாக மாறினார் என்பதே அவர் வரலாறு.

இளமைப் பருவம்

அயர்லாந்து நாட்டின் வடபகுதியில், மில்ஐல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் எமி பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவரே மூத்தவர். தந்தையார் மாவு ஆலை நடத்தியவர், இறைப்பற்று மிக்கவர்.

அவரது குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வழங்கி வருகிறது. தாயின் நீலக் கண்களைப் போலத் தன் கண்களும் மாற வேண்டும் என்று சிறுமி எமி ஓர் இரவு இறைவனை வேண்டிக்கொண்டாளாம். விடிந்ததும் ஓடிச்சென்று கண்ணாடியில் பார்த்தாள். கண்கள் பழுப்பாகவே இருந்தன; ஏமாற்றம் தாளவில்லை. பிற்காலத்தில் சேலை உடுத்தி, முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு, அயல்நாட்டார் நுழைய இயலாத இடங்களுக்கு அவர் சென்றபோது, அந்தப் பழுப்புக் கண்களே அவரைக் காட்டிக் கொடுக்காமல் காத்தன என்பர்.

1885-இல் தந்தை இறந்தார். அப்போது எமிக்கு வயது பதினேழு. குடும்பத்தின் செல்வமும் கரைந்துவிட்டிருந்தது. பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த அந்நாளில்தான் நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்களை அவர் கண்டார். தொப்பி வாங்கவும் வசதியற்ற அப்பெண்கள் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வருவார்கள். அவர்களை எமி தேவாலயத்துக்கு அழைத்து வந்தார். கண்ணியமானவர்கள் என்று தம்மைக் கருதிக்கொண்டவர்கள் முகம் சுளித்தனர். எமி பின்வாங்கவில்லை. 1889-இல் ஐந்நூறு பேர் அமரத்தக்க ஒரு தகரக் கூடத்தை அப்பெண்களுக்கென்றே எழுப்பினார். ஊரார் விலக்கி வைத்தவர்களின் பக்கம் நிற்பது என்ற அவர் வாழ்க்கைநெறி அங்கேயே அமைந்துவிட்டது.

நெல்லைச் சீமையில்

1893-இல் ஜப்பான் நாட்டுக்குத் தொண்டாற்றச் சென்ற எமி, நோயுற்று ஈராண்டுக்குள் திரும்ப நேர்ந்தது. 1895-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூர் வந்து சேர்ந்தார். இந்தியாவில் கால் வைத்த பின் அவர் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் இம்மண்ணிலேயே கழிந்தன.

தாமஸ் வாக்கர் ஐயரின் தூண்டுதலால் எமி நெல்லைச் சீமைக்கு வந்து தமிழ் கற்றார். சேலை உடுத்தினார். தமிழ்ப் பெண்கள் சிலரைத் துணையாகக் கொண்டு, மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று சமயப் பணி செய்தார். அத்துணைவியருள் முதன்மையானவர் பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. எமி அம்மையாரின் பிற்காலப் பணியைத் தாங்கிய தூண்களுள் அவர் ஒருவர்.

ஓடி வந்த சிறுமி

1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். அம்மையார் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணைவிளை என்னும் ஊருக்கு வந்திருந்தார். ஒரு நாள் காலையில் ஊர்ப் பெண் ஒருத்தி ஏழு வயதுச் சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அச்சிறுமி அருகிலிருந்த பெருங்குளத்தில் கோயில்தாசிகளின் இல்லத்தில் இருந்து தப்பி வந்தவள். முன்னொரு முறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடமே ஓடியவள். தாயோ அஞ்சித் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். அதற்குத் தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு போட்டார்கள். இம்முறை அவள் தாயிடம் செல்லவில்லை. அம்மையாரின் மடியில் ஏறி அமர்ந்தாள். தான் கண்டதையும் கேட்டதையும் மழலை மாறாத மொழியில் சொன்னாள். அன்று கேட்டவற்றை அம்மையாரால் இறுதிவரை மறக்க முடியவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தேவதாசியர் இசைக்கும் ஆடலுக்கும் செய்த தொண்டு பெரிது. நம் கலைச் செல்வத்தின் ஒரு பகுதியை அவர்களே காத்துத் தந்தனர். ஆனால் அரசர்களின் ஆதரவு குன்றிய பின், பொட்டுக் கட்டுதல் என்னும் சடங்கு பல சிறுமியரைச் செல்வர்களின் இச்சைக்கு இரையாக்கும் வாயிலாகிவிட்டது. நேர்த்திக்கடன், வறுமை, தந்தையை இழந்த நிலை எனப் பல காரணங்களால் பெண் குழந்தைகள் கைமாறினர். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 372, 373 ஆகிய பிரிவுகள் சிறுமியரைப் பரத்தமைக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருந்தன. எனினும் தத்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் மெய்ப்பிப்பது அரிது. குற்றம் அக்குழந்தைகளுடையதன்று, அவ்வாறே வளர்க்கப்பட்ட பெண்களுடையதுமன்று.

தாயான கதை

மூன்று ஆண்டுகள் அம்மையார் இச்செய்திகளைத் தேடித் திரட்டினார். 1904 மார்ச்சில், பிறந்து பதின்மூன்று நாட்களே ஆன ஒரு பெண் சிசு அவரிடம் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டின் நடுவிலேயே பதினேழு குழந்தைகள் சேர்ந்துவிட்டனர். அவர்கள் தங்கிய இடமே டோனாவூர். டோனா என்னும் ஜெர்மானியப் பிரபு அளித்த நன்கொடையின் நினைவாக ரேனியஸ் ஐயர் காலத்தில் அவ்வூருக்கு அப்பெயர் அமைந்தது.

மீட்பது ஒரு நாள் வேலை. வளர்ப்பது ஒரு வாழ்நாள் வேலை. இதை அம்மையார் விரைவிலேயே உணர்ந்தார். பச்சிளங் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் இல்லை. மருத்துவர் அருகில் இல்லை. ஆகவே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு அருகில் குழந்தைகள் இல்லம் ஒன்றை அமைத்து, பொன்னம்மாளை அதன் பொறுப்பில் அமர்த்தினார். அங்கும் நோய் புகுந்து பல குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. ஒவ்வொரு சாவும் அம்மையாருக்குச் சொந்தப் பிள்ளையின் சாவே. 1915-இல் பொன்னம்மாளும் புற்றுநோயால் மறைந்தார்.

இரவில் பாலூட்டுவதும், அழுக்குத் துணி துவைப்பதும், நூறு பிஞ்சுக் கால்களில் நகம் வெட்டுவதும் சமயப் பணியா என்று உடன் ஊழியரே கேட்டனர். ஊர் ஊராகச் சென்று உபதேசிக்க வந்தவர் ஓரிடத்தில் முடங்கிவிட்டாரே என்று வருந்தினர். பிள்ளை பெற்றவளின் கால் வீட்டோடு கட்டுண்டதுதான் என்று அம்மையார் அமைதி கொண்டார். டோனாவூரில் உயர்ந்த வேலை, தாழ்ந்த வேலை என்ற பிரிவே இல்லை. சாதி வேற்றுமையும் இல்லை. இந்தியரும் ஐரோப்பியரும் ஒரே பணியைப் பகிர்ந்து செய்தனர். மூத்த தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’, அயல்நாட்டுப் பெண்கள் ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’. இது விடுதியன்று, குடும்பம் என்பதை அந்த முறைப்பெயர்களே சொல்லின.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. பல குழந்தைகளுக்குப் பிறந்த நாள் தெரியாது. எனவே அவர்கள் டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளே ஆண்டுதோறும் கொண்டாடப்பட்டது. உன் வருகை எங்களுக்கு விழா என்று ஒரு குழந்தைக்கு உணர்த்துவதைவிடச் சிறந்த ஆறுதல் எது? நாளடைவில் ஆண் குழந்தைகளும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். மருத்துவமனையும் எழுந்தது. பணத்துக்காக அம்மையார் எவரிடமும் கை நீட்டியதில்லை. இறைவனிடம் மட்டுமே கேட்பது என்பதை விதியாகக் கொண்டிருந்தார்.

எதிர்ப்புகள்

அவருக்கு எதிர்ப்பு இரு பக்கத்திலிருந்தும் வந்தது. தாம் கண்டவற்றை மறைக்காமல் எழுதி அனுப்பிய கையெழுத்துப் படியை, ஊக்கமூட்டும் செய்திகள் வேண்டும் என்று தாயகத்தில் இருந்தவர்கள் திருப்பி அனுப்பினர். 1903-இல் அது நூலாக வெளிவந்தபோது, மிகைப்படுத்துகிறார் என்றனர் சிலர். அவர் ஊரை விட்டுப் போனால் நல்லது என்று எண்ணிய சமயத் தொண்டர்களும் இருந்தனர். மறுபுறம், குழந்தைகளைக் கவர்ந்து மதம் மாற்றுகிறார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அவர் குழந்தைகளைக் கிறித்தவர்களாகவே வளர்த்தார். அதை அவர் மறைத்ததில்லை. அதைப் பற்றி மாறுபட்ட கருத்து இருக்கலாம். ஆனால் அக்குழந்தைகளுக்காக நள்ளிரவில் கண்விழித்தவர் யார் என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான்.

அவர் வாழ்வில் விவாதத்துக்குரிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அடைக்கலம் புகுந்த ஒரு சிறுமியை அவள் தாயிடம் ஒப்படைக்கும்படி 1911-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரும்பிச் சென்றால் சிறுமிக்குத் தீங்கு நேரும் என்று அம்மையார் உறுதியாக நம்பினார். சிறுமியோ ஊரிலிருந்து மறைந்தாள். பிறர் உதவியால் இலங்கை வழியாகச் சீனாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டாள் என்பது பின்னரே தெரிந்தது. தமக்குச் சிறைத் தண்டனை நேரலாம் என்பதை அம்மையார் அறிந்தே இருந்தார். சட்டத்தை மீறலாமா என்று கேட்பவர் கேட்கலாம். குழந்தைக்குக் காவலாக நிற்க வேண்டிய சட்டம் அன்று வலுவற்றிருந்தது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் வந்தது

அச்சட்டத்தைக் கொண்டுவரப் போராடியவர்கள் நம் தமிழ்ப் பெண்களே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்கக் குரல் கொடுத்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தை நிறுவினார். அவ்வாழ்க்கையின் துன்பத்தைத் தாமே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைதோறும் முழங்கியதோடு, 1936-இல் அதைக் கருவாகக் கொண்ட புதினத்தையும் வெளியிட்டார். 1947-இல் பொட்டுக் கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. சமயமும் வழியும் வேறுபட்டாலும் இம்மூவரும் கண்ட துயரம் ஒன்றே.

இறுதி நாட்கள்

1931-இல் களக்காட்டில், இருட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து அம்மையாரின் கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். வலியின் நடுவிலும் எழுதினார். அவர் எழுதிய நூல்கள் முப்பதுக்கும் மேல். குழந்தைகளுக்குச் சிறு கடிதங்கள் எழுதி அனுப்பினார். 1951 சனவரி 18-ஆம் நாள், தம் எண்பத்து மூன்றாம் வயதில் கண் மூடினார். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார்.

பெண் குழந்தைகளை விலைப்பொருளாக்கும் கொடுமை இன்று வேறு உருவில் தொடர்கிறது. வேலை வாங்கித் தருவதாகவும் மணம் செய்துகொள்வதாகவும் கூறி ஏய்ப்போர் நம் ஊர்களிலும் உண்டு. 1956-ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டமும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் சட்டமும் நம்மிடம் உள்ளன. சட்டம் கதவைத் திறந்து குழந்தையை வெளியே கொண்டுவரும். ஆனால் வெளியே வந்த குழந்தை எங்கே போவாள்? யார் மடியில் அமர்வாள்? அவளைக் கறைபட்டவள் என்று நாம் ஒதுக்கினால், மீட்டவர் உழைப்பெல்லாம் வீணே.

பண்ணைவிளைக்கு அன்று ஓடி வந்த சிறுமி கேட்டதும் ஒரு மடியைத்தான். படித்தவர்களாகிய நம் வாசலில் நாளை ஒரு சிறுமி வந்து நின்றால், அவள் கதையை நம்புவதற்கு நமக்குத் துணிவு வேண்டும். அத்துணிவைக் கொடுத்தால் அம்மையாரின் வரலாற்றைப் படித்ததற்கு அதுவே பயன்.