செறாயில் ஒரு பந்தி

கடவுளைக் கைவிட்டவன் நெஞ்சம் வறண்டு போகும் என்று சொல்லியே என் பாட்டி என்னை வளர்த்தார். அதை நான் ஒருபோதும் ஐயுற்றதில்லை. சென்ற ஆண்டு கொச்சிக்குச் சென்றிருந்தபோது, வைப்பின் தீவின் வடபகுதியிலுள்ள செறாய்க்குப் போனேன். அங்குள்ள கௌரீசுவரர் கோயிலை மலையாளத்துப் பழனி என்பர். 1912இல் நாராயண குரு நிறுவியது. முருகனைத் தேடிச் சென்ற எனக்கு அவ்வூரில் எதிர்ப்பட்டவரோ ஒரு நாத்திகர். மறைந்து அரை நூற்றாண்டு கடந்தும் ஊரார் பேசிக்கொண்டிருக்கும் சகோதரன் அய்யப்பன்தான் அவர்.

1889இல் செறாயில் ஒரு வைத்தியர் வீட்டில் பிறந்தவர், ஈழவர் குலம். திருவனந்தபுரத்தில் பி.ஏ. படித்தார். குருவிடம் அளவற்ற பற்றுடையவர். மேற்குலத்தார் தம்மை ஒதுக்குகின்றனர் என்று வருந்திய ஈழவர், தாமே புலையரை ஒதுக்கி வந்தனர். இந்த முரண் அய்யப்பனைச் சுட்டது. 1917 மே 29 அன்று, ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த கறியுந்தான் விருந்து! நம் நாட்டில் சுயமரியாதை இயக்கம் பிறந்ததே 1925இல் என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஊர் கொதித்தது. நான் வணங்கப் போன அக்கோயிலை நடத்தும் விஞ்ஞானவர்த்தினி சபையே அவரை விலக்கி வைத்தது. புலையன் அய்யப்பன் என்று ஏசினர். அதை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். குரு மட்டும் அவரைக் கைவிடவில்லை, பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

அத்தகைய குருவின் கொள்கையையே சீடர் திருத்தியதுதான் வியப்பு. மனிதனுக்குச் சாதியும் மதமும் கடவுளும் ஒன்றே என்றார் குரு. மூன்றுமே வேண்டா என்றார் அய்யப்பன். ஆனால் அந்த இடத்தை அவர் வெறுமையாக விட்டுவிடவில்லை. அறம் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். 1929இல் தொடங்கிய யுக்திவாதி இதழில் பங்கேற்றார். சட்டசபையிலும் அமைச்சரவையிலும் இருந்தார். 1968 மார்ச் 6இல் மறைந்தார்.

அவர் நெஞ்சம் வறண்டதா? வறண்டதாக எனக்குத் தோன்றவில்லை. எனினும் அவர் இழந்தது ஒன்றுண்டு. துன்பம் வந்தால் நாம் இறைவனிடம் முறையிடலாம். அவருக்கு அந்த வழி இல்லை. அயலான் தாழ்ந்து கிடந்தால், அது அவன் தலையெழுத்து என்று நாம் நகர்ந்துவிடலாம். அவருக்கு அதுவும் இல்லை. கடவுளை விட்டவர்க்குச் சாக்கும் போய்விடுகிறது போலும். சுமை முழுவதும் அவர் தோளிலேயே விழுந்தது.

என் பாட்டி விளக்கேற்றாத நாள் கிடையாது. வயல் வேலைக்கு வந்தவர்களுக்கு மோர் கொடுக்காத நாளும் கிடையாது. ஆனால் கொல்லைப்புறத்தில், தனிக் குவளையில்தான் கொடுப்பார். அந்தக் குவளையை எடுத்துக் கொடுத்தவன் நானே.

அன்று மாலை முருகன் சந்நிதியில் நின்றேன். தேர்வில் வெற்றி கேட்கத்தான் போயிருந்தேன். குவளை நினைவுக்கு வந்தது. ஒன்றும் கேளாமல் திரும்பிவிட்டேன்.