வானொலிச் செம்மல் எட்வர்டு மர்ரோ

நாவினால் நற்பயன் விளைத்தோர் உலகில் பலர். மேடையேறி மக்களை எழுச்சி கொள்ளச் செய்தோரும் உளர். மன்றத்தில் வாதிட்டு நீதியை நிலைநாட்டியோரும் உளர். ஆயினும், கண்காணாத் தொலைவில் வாழும் கோடிக்கணக்கான மக்களின் இல்லத்துள் நுழைந்து, அருகமர்ந்து உரையாடுவார் போலப் பேசும் வாய்ப்பு, வானொலி தோன்றிய பின்னரே மாந்தர்க்குக் கிட்டிற்று. அவ்வாய்ப்பு நன்மைக்கும் பயன்படும், தீமைக்கும் பயன்படும். செருமனியில் இட்லரின் ஆட்சி அதே வானொலியைக் கொண்டு பகைமையை வளர்த்த காலத்தில், அதனை வாய்மைக்கு உரிய கருவியாக்கிய பெருமை எட்வர்டு மர்ரோ என்னும் அமெரிக்கருக்கு உரியது.

இளமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வட கரோலினா என்பது ஒரு மாநிலம். அங்கே கிரீன்சுபரோ நகரை அடுத்த ஒரு சிற்றூரில், 1908ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 25ஆம் நாள் மர்ரோ பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் எக்பர்டு என்பது. அப்பெயரைக் கேட்டோர் நகைத்தமையால், பிற்காலத்தில் அவரே அதனை எட்வர்டு என மாற்றிக்கொண்டார். பெற்றோர் எளிய உழவர். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். உழைப்பையும் உண்மையையும் உயிரெனப் போற்றியவர். உழவுத்தொழில் குடும்பத்தைத் தாங்காமையால், மர்ரோ சிறுவராய் இருந்தபோதே அவர்கள் நாட்டின் மறுகோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தனர். அங்கே தந்தையார் மரம் ஏற்றிச் செல்லும் இருப்புப் பாதையில் வேலை தேடிக்கொண்டார்.

மர்ரோ பள்ளியில் படித்த நாளிலேயே சொற்போரில் முன்னின்றார். பள்ளிப் பேருந்தை ஓட்டிப் பொருளும் ஈட்டினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரியில் சேர விழைந்தார்; கையிலோ பொருள் இல்லை. அவர் மனம் தளரவில்லை. மரம் வெட்டும் முகாமிற்குச் சென்று ஓராண்டு உடல் வருந்த உழைத்தார். அவ்வுழைப்பால் சேர்ந்த பொருளுடன், 1926ஆம் ஆண்டில் புல்மன் நகரிலிருந்த வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

ஆசிரியை

அக்கல்லூரி மாநில அரசின் ஆதரவில் நடைபெற்றது. உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே பயின்றனர். வானொலி பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், 1922 முதலே அக்கல்லூரி தனக்கென ஒரு வானொலி நிலையத்தை நடத்தி வந்தது. வணிகவியல் பயிலச் சென்ற மர்ரோ, விரைவில் பேச்சுக்கலையைத் தம் பாடமாகக் கொண்டார். அம்மாற்றத்தை நிலைபெறச் செய்தவர் ஐடா லூ ஆண்டர்சன் என்னும் ஆசிரியை ஆவார்.

ஆண்டர்சன் அம்மையார் இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டவர். அவர் முதுகு வளைந்தது, உடல் குறுகியது. ஆயினும், வளையாத உள்ளமும் குன்றாத குரலும் அவருக்கு வாய்த்திருந்தன. இலக்கியங்களை வாய்விட்டுப் படிக்கும் முறையையும், சொல்லின் பொருளுணர்ந்து குரலை ஏற்றியும் இறக்கியும் பேசும் திறத்தையும் அவர் மர்ரோவுக்குப் பயிற்றினார். பேசுவது போன்றே, பேசாது நிறுத்துவதும் ஒரு கலை என்பதை மர்ரோ அவரிடமே கற்றார். தாம் பெற்ற பேறுகளுள் தலையாயது அவ்வாசிரியையின் நட்பே எனப் பிற்காலத்தும் அவர் கருதினார்.

1930ஆம் ஆண்டில் மர்ரோ பட்டம் பெற்றார். மாணவர் கூட்டமைப்பு ஒன்றின் தலைவராய்ச் சிறிது காலம் பணியாற்றிய பின்னர், நியூயார்க்கு நகரில் பன்னாட்டுக் கல்வி நிறுவனத்தில் அமர்ந்தார். 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர் என்ற காரணத்தாலும் மாற்றுக் கருத்து உடையார் என்ற காரணத்தாலும் அறிஞர் பலர் செருமானியப் பல்கலைக்கழகங்களினின்றும் துரத்தப்பட்டனர். அவர்களை அமெரிக்காவிற்கு வரவழைத்து வாழ்வளிக்க அமைந்த குழுவில் மர்ரோ ஊக்கத்துடன் உழைத்தார். வெறுப்புரை ஒரு நாட்டை எந்நிலைக்குக் கொண்டுசெல்லும் என்பதை அவர் அப்போதே உணர்ந்தார்.

வானொலியில்

1935இல் மர்ரோ கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் பணி தாம் பேசுவதன்று. பேசத்தக்க அறிஞரைத் தேடி அழைத்து வருவதே ஆகும். 1937இல் இலண்டனுக்கு அவரை அனுப்பியதும் அப்பணிக்காகவே. ஆனால், காலம் அவரை வேறு பணிக்கு அழைத்தது.

1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் செருமானியப் படை ஆஸ்திரிய நாட்டினுள் புகுந்தது. அப்போது போலந்தில் இருந்த மர்ரோ, தம் துணைவர் வில்லியம் ஷைரர் வாயிலாக நிலைமையை அறிந்தார். உடனே பெர்லின் சென்று, பலர் அமரத்தக்க விமானம் ஒன்றைத் தாம் ஒருவரே செல்வதற்காக வாடகைக்கு அமர்த்தி, வியன்னாவை அடைந்தார். மறுநாள் இரவு வியன்னாவிலிருந்து மர்ரோவும், இலண்டனிலிருந்து ஷைரரும், பிற தலைநகரங்களிலிருந்து ஏனைய செய்தியாளரும் ஒருவர்பின் ஒருவராகப் பேசினர். பல நாட்டுச் செய்திகளை அவ்வந்நாட்டிலிருந்தே ஒரு நிகழ்ச்சியில் தொகுத்தளிக்கும் முறைக்கு அந்த அரைமணி நேரமே வித்திட்டது.

இலண்டன் மாநகரில்

1939இல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் தொடங்கி, ஐம்பத்தேழு இரவுகள் இடைவிடாது செருமானிய விமானங்கள் இலண்டன்மீது குண்டுமாரி பொழிந்தன. மாடங்கள் சரிந்தன, தெருக்கள் எரிந்தன, மக்கள் நிலவறைகளில் துயின்றனர். மர்ரோவோ கூரைமீது ஏறினார். குண்டுவீச்சின்போது கூரைமீது நின்று பேச அரசினர் முதலில் இசையவில்லை. பகைவருக்குப் பயன்படும் செய்தி எதுவும் தம் வாயினின்று வெளிப்படாது என்பதை மாதிரிப் பேச்சுகள் சில பதிந்து காட்டி, அவர்தம் இசைவினைப் பெற்றார்.

அவர் பேச்சில் ஆரவாரம் இல்லை; அழுகையும் இல்லை. கண்ணாற் கண்டதையும் செவியாற் கேட்டதையும் எளிய சொற்களில் எடுத்துரைத்தார். அதற்கு ஓர் எடுத்துக்காட்டு அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் நிகழ்ந்தது. அபாயச் சங்கு ஒலிக்க, டிரபால்கர் சதுக்கத்தருகே மக்கள் நிலவறை நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர். மர்ரோ குனிந்து, ஒலிவாங்கியைத் தரையோரம் பிடித்தார். நடந்து செல்வோரின் காலடியோசை கடல் கடந்து அமெரிக்க இல்லங்களில் கேட்டது. அது ஓடும் ஓசை அன்று. அமைதியாக நடக்கும் ஓசை. இலண்டன் மக்கள் அஞ்சி நடுங்கவில்லை என்பதை நூறு சொற்பொழிவுகளினும் அக்காலடியோசை தெளிவாக உணர்த்திற்று.

தாம் பேசும் இடம் இலண்டன் என அறிவித்தே அவர் ஒவ்வொரு நாளும் பேச்சைத் தொடங்குவார். தொலைவில் நோயுற்றிருந்த ஆண்டர்சன் அம்மையார் தம் மாணவரின் பேச்சை வானொலியில் கேட்டு வந்தார். அத்தொடக்கத்தில் முதற்சொல்லை அழுத்திக் கூறி, ஒரு கணம் நிறுத்தி, அதன்பின் தொடர்க என அவர் அறிவுரை வழங்கினார். உலகப் புகழ் பெற்றுவிட்டோம் என்று செருக்காது, மர்ரோ அவ்வறிவுரையை அப்படியே பின்பற்றினார். அந்த ஒரு கண அமைதி நாடறிந்த அடையாளமாயிற்று. 1941இல் அம்மையார் மறைந்தார். அவர் கற்பித்த அமைதி மர்ரோவின் குரலில் வாழ்ந்தது.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் மாளிகையிலிருந்தே மர்ரோ பேசி வந்தார். 1940 அக்டோபர் 15ஆம் நாள் இரவு அம்மாளிகையின்மீது குண்டு வீழ்ந்து எழுவர் மாண்டனர். அன்றும் அவர் பேசாது ஒழியவில்லை. 1943 டிசம்பரில் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் ஏறிப் பெர்லின் வரை சென்று மீண்டார். அன்று வேறு விமானங்களில் சென்ற செய்தியாளருள் உயிரிழந்தோரும் உண்டு. 1945 ஏப்பிரலில் பூக்கன்வால்டு என்னும் சிறைமுகாமினுள் நுழைந்தார். எலும்புந்தோலுமாய்க் கிடந்த மனிதரையும், அடுக்கப்பட்டிருந்த பிணங்களையும் கண்டு, மூன்று நாள் கழித்தே அவரால் அது குறித்துப் பேச இயன்றது.

அச்சத்தை வென்ற பேச்சு

போருக்குப் பின்னர்த் தொலைக்காட்சி பரவியது. 1951ஆம் ஆண்டில் மர்ரோ, பிரெட் பிரெண்ட்லி என்பவருடன் இணைந்து வாரந்தோறும் ஒரு செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அக்காலத்தில் மெக்கார்த்தி என்னும் அமெரிக்க மேலவை உறுப்பினர், பலரைப் பொதுவுடைமைக் கட்சியினர் என்றும் நாட்டிற்குப் பகைவர் என்றும் தக்க சான்றின்றித் தூற்றி வந்தார். ஐயத்திற்கு உள்ளானோர் வேலை இழந்தனர். எதிர்த்துப் பேச எண்ணியோர் தம்மீதும் பழி விழுமோ என அஞ்சி வாய்மூடினர்.

1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள் மர்ரோ வாய்திறந்தார். மெக்கார்த்தியின் பேச்சுகளையும் செயல்களையும் பதிந்த படங்களையே மக்கள்முன் காட்டி, அவற்றின் முரண்பாடுகளைச் சுட்டினார். மாற்றுக் கருத்தினை நாட்டுப் பகைமை என எண்ணுதல் தவறு என்றும், குற்றச்சாட்டு ஒன்றே குற்றத்திற்குச் சான்றாகாது என்றும் எடுத்துரைத்தார். இந்நிகழ்ச்சியை நாளிதழில் விளம்பரம் செய்ய நிறுவனம் முன்வரவில்லை. மர்ரோவும் பிரெண்ட்லியும் தம் கைப்பொருளைக் கொண்டே அதனைச் செய்தனர். மறுமொழி கூற மெக்கார்த்திக்கும் அதே நிகழ்ச்சியில் இடமளிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் மேலவை மெக்கார்த்தியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குக் காரணங்கள் பல. அஞ்சியிருந்த மக்களுக்குத் துணிவூட்டிய மர்ரோவின் பேச்சும் அவற்றுள் ஒன்றாகும்.

1958இல் அந்நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு சிக்காகோ நகரில் ஒலிபரப்பாளர் மாநாட்டில் பேசிய மர்ரோ, தொலைக்காட்சி பொழுதுபோக்கிற்கும் பொருளீட்டலுக்கும் மட்டுமே பயன்படுமாயின் அது வெறும் பெட்டியாகவே முடியும் என்று தம் துறையினரையே இடித்துரைத்தார். 1960இல் ஊர் ஊராய்ச் சென்று உழைக்கும் ஏழை உழவுத் தொழிலாளரின் அவல வாழ்வைப் படம்பிடித்து நாட்டினர்க்குக் காட்டினார்.

குறையும் நிறைவும்

பெரியோரிடத்தும் குறைகள் உண்டு. 1961இல் மர்ரோ அரசின் செய்தித்துறைத் தலைவரானார். தாம் எடுத்த அவ்வுழவர் படத்தினை இங்கிலாந்தில் காட்ட வேண்டா எனப் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தை அவரே கேட்டுக்கொண்டார், கழகம் இசையவில்லை. உண்மையை மறைக்க முயன்ற அச்செயல் அவர் வாழ்வில் ஒரு மறுவே ஆகும். புகைப்பழக்கத்தையும் அவரால் விட இயலவில்லை. அப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பினை 1955இலேயே தொலைக்காட்சியில் எடுத்துக்காட்டியவர், தாமே அந்நோய்க்கு இரையானார். 1965ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 27ஆம் நாள், தம் ஐம்பத்தேழாம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாளில், மர்ரோ மறைந்தார்.

மரம் வெட்டிச் சேர்த்த பொருளுடன் அவர் நுழைந்த கல்லூரி இன்று பல்கலைக்கழகமாய் வளர்ந்துள்ளது. அங்கே செய்தித் தொடர்பும் ஒலிபரப்பும் பயிற்றும் கல்லூரிக்கு மர்ரோவின் பெயரே இடப்பெற்றுள்ளது.

மாணவர்களே! இக்காலத்தில் ஒலிவாங்கியும் படக்கருவியும் ஒவ்வொருவர் கையிலும் உள்ளன. நாம் கூறும் சொல் நொடிப்பொழுதில் உலகைச் சுற்றிவருகிறது. ஆயினும், அச்சொல் மெய்யா பொய்யா என்பதை ஆராயும் பொறுப்பினைக் கருவி ஏற்காது. பேசுவோரே ஏற்றல் வேண்டும். அறிந்ததை மட்டும் கூறுக, அஞ்சாது கூறுக, கூறுமுன் ஒரு கணம் நிறுத்தி எண்ணுக. உடல் தளர்ந்த ஓர் ஆசிரியை தம் மாணவருக்கு அளித்த செல்வம் அந்த ஒரு கணமே ஆகும்.