முதல் மௌக்லி நம்ம பக்கத்து ஊர்க்காரர்: யார் இந்த சாபு?

உத்திரமேரூர் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் உட்கார்ந்து போனில் 'தி ஜங்கிள் புக்' பார்க்கிறார்கள் என்றால், அது பெரும்பாலும் 2016-ல் வந்த படமாகத்தான் இருக்கும். அதில் மௌக்லியாக வரும் நீல் சேத்தி, அமெரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளிப் பையன். இந்தியக் காட்டில் நடக்கிற கதைக்கு இந்திய முகம் என்பது இன்றைக்குச் சாதாரணம். ஆனா அந்தப் படத்துக்கு 74 வருஷம் முன்னாடி, 1942-லேயே மௌக்லியாக நடித்தவர் ஒரு அசல் இந்தியர். பெயர் சாபு.

மைசூர் சமஸ்தானத்தில் காராப்பூர் என்ற ஊரில் 1924 ஜனவரி 27-ல் பிறந்தார். அப்பா மகாராஜாவின் யானைப்பாகன். சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இருவரும் இறந்துவிட, அரண்மனையின் யானைக் கொட்டாரத்தில் வளர்ந்தான் பையன். 1935-ல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் படக்குழு, கிப்ளிங் எழுதிய ஒரு யானைக் கதைக்கு ஹீரோ தேடி மைசூர் வந்தது. 11 வயசு சாபு சிக்கினான். 1937-ல் வெளியான 'எலிஃபன்ட் பாய்' அவனை ஒரே படத்தில் உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். மீதிக் காட்சிகளை இங்கிலாந்து ஸ்டூடியோவில் எடுத்தார்கள். சாபுவின் அப்பாவாக அதில் நடித்தது முகத்துக்குப் பழுப்பு மேக்கப் பூசிய ஒரு வெள்ளைக்கார நடிகர். நிஜ யானைப்பாகன் மகனுக்கு, படத்தில் வேஷம் போட்ட யானைப்பாகன் அப்பா!

அடுத்த படம் 1938-ல் வந்த 'தி டிரம்'. வடமேற்கு எல்லையில் நடக்கும் கதை. வெள்ளைக்காரனுக்கு உதவுகிற நல்ல இளவரசன் சாபு. அவர்களை எதிர்க்கிற சித்தப்பா கொடூர வில்லன். அந்த வில்லனாகவும் ஒரு வெள்ளைக்காரர்தான் நடித்தார், பெயர் ரேமண்ட் மாஸி. விசுவாசமாக இருந்தால் நல்ல இந்தியன், எதிர்த்தால் கெட்ட இந்தியன் என்ற கணக்கு நம்ம ஆட்களுக்குப் புரியாமல் இல்லை. பம்பாயிலும் சென்னையிலும் படத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது. சாபுவுக்கு அப்போது 14 வயசு. கதை எழுதினதும் அவனில்லை, படம் எடுத்ததும் அவனில்லை.

இதைவிட நுட்பமான விஷயம் 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்'. 1924-ல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த மௌனப் படத்தில் திருடன்தான் ஹீரோ. இளவரசியைக் கைப்பிடிப்பதும் அவனே. 1940-ல் அதை மறுபடி எடுத்தபோது அந்த ஒரு ஹீரோவை இரண்டாகப் பிரித்தார்கள். சாகசம், பூதம், பறக்கும் கம்பளம் எல்லாம் திருடன் அபுவாக வந்த சாபுவுக்கு. காதலும் இளவரசியும் ராஜாவாக வந்த ஜான் ஜஸ்டின் என்ற பிரிட்டிஷ் நடிகருக்கு. படம் அருமையான படம், மூன்று ஆஸ்கர் வாங்கியது, இன்றைக்குப் பார்த்தாலும் அலுக்காது. அதனால்தான் இந்தப் பாகப்பிரிவினை சட்டென்று கண்ணில் படாது. அதில் வரும் ஜாஃபர் என்ற வில்லன் பெயர்தான் பிறகு டிஸ்னியின் 'அலாதீன்' வில்லனுக்கும். 2019-ல் அதை நிஜ நடிகர்களை வைத்து எடுத்தபோது, எகிப்தில் பிறந்த மேனா மசூத் அலாதீனாக நடித்தார். சாகசமும் அவருக்கே, இளவரசியும் அவருக்கே.

1942-ல் மௌக்லி. அதற்குப் பிறகு ஹாலிவுட்டில் 'அரேபியன் நைட்ஸ்', 'கோப்ரா வுமன்' என்று வரிசையாகப் படங்கள். எல்லாவற்றிலும் ஹீரோ ஜான் ஹால்; சாபு கூட ஓடுகிற தோழன்.

1944-ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. சாதாரண இந்தியர்களுக்கு அந்தக் கதவு திறந்தது 1946-ல்தான். உலகப்போரில் பசிபிக் பகுதியில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பறந்து, வீரப் பதக்கம் வாங்கினார். சினிமாவில் அவருக்குக் கிடைக்காத ஹீரோ வேடம் இது.

போர் முடிந்து திரும்பியவருக்கு வயசு இருபதைத் தாண்டிவிட்டது. கோவணம் கட்டின காட்டுப் பையன் வளர்ந்துவிட்டால் அவனை வைத்து என்ன செய்வது என்று ஹாலிவுட்டுக்குத் தெரியவில்லை. 1947-ல் 'பிளாக் நார்சிஸஸ்' ஒரு நல்ல வாய்ப்பு. அதில் அவருக்கு ஜோடியும் உண்டு. காஞ்சி என்ற அந்த மலைநாட்டுப் பெண்ணாக வந்தது, பழுப்பு மேக்கப் போட்ட ஜீன் சிம்மன்ஸ். 2020-ல் பிபிசி அதைத் தொடராக எடுத்தபோது காஞ்சி வேடத்துக்கு திபிகா குன்வரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மெஹபூப் கானின் 'மதர் இந்தியா'வில் பிர்ஜு வேடத்துக்கு சாபுவின் பெயர் பேசப்பட்டது. கைகூடவில்லை, சுனில் தத் நடித்தார். சாபுவுக்கு மிஞ்சியது சின்னச் சின்னக் காட்டுப் படங்கள். 1963 டிசம்பர் 2-ல் மாரடைப்பில் இறந்தார். வயசு 39.

கடைசிப் படம் 'எ டைகர் வாக்ஸ்' 1964-ல், அவர் இறந்த பிறகு வெளியானது. யானைப் பையனாக உள்ளே வந்தவருக்கு அதில் புலி பழக்குகிற இந்தியர் வேடம். தயாரித்தது டிஸ்னி. மூன்று வருஷம் கழித்து அதே கம்பெனி மௌக்லியைக் கார்ட்டூனாக எடுத்தது. குரல் கொடுத்தது படத்தின் இயக்குநருடைய மகன், ப்ரூஸ் ரெய்தர்மேன்.