வானிலை அறிஞர் கில்பர்ட் வாக்கர்

1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டும் பொய்த்தது. சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் தக்காணத்திலும் பல இலட்சம் மக்கள் பசியால் மாண்டனர். தாது வருடப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் கூறுவது இதனையே ஆகும். 1899ஆம் ஆண்டில் வானிலைத் துறையினர் நல்ல மழையை எதிர்பார்த்தனர். கொடிய வறட்சியே வந்தது. மழையின் வரவை முன்னரே அறிதல் இயலுமா? இவ்வினாவிற்கு விடை தேடி இருபது ஆண்டுகள் இந்தியாவில் உழைத்தவர் சர் கில்பர்ட் தாமஸ் வாக்கர்.

வாக்கர் 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1889இல் கணிதத் தேர்வில் முதல்வராகத் தேறினார். மிகுந்த உழைப்பால் உடல்நலம் குன்றவே, குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் கழித்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பூமராங் என்னும் எறிதடியிடம் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. அது நம் மறவர் எறிந்த வளரிக்கு இனமானது. எறிந்தவரிடமே அது திரும்பி வருவது எங்ஙனம் என்று கணித வழியில் ஆராய்ந்தார். தாமும் எறிந்து பழகினார். நண்பர்கள் அவரைப் பூமராங் வாக்கர் என்றே அழைத்தனர்.

1904ஆம் ஆண்டில் இந்திய வானிலைத் துறையின் தலைமை அவரிடம் வந்தது. வானிலைக் கல்வியோ அவருக்குச் சிறிதும் இல்லை. ஆயினும், எண்களை ஆராயும் வன்மை இருந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை, நைல் ஆற்றின் வெள்ளம் முதலியவற்றின் பல்லாண்டுக் குறிப்புகளைத் திரட்டினார். ஓரிடத்து ஏற்றத்தாழ்வு பிறிதோரிடத்து மழையோடு சேர்ந்து மாறுகின்றதா என ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். கணிப்பொறி இல்லாத காலம் அது. இந்திய எழுத்தர்கள் கையாலேயே கணக்கிட்டனர். ஆயிரம் ஒப்பீடு செய்தால், சில தற்செயலாகவும் பொருந்தும். அவற்றை விலக்குதற்கும் வாக்கர் ஒரு முறை வகுத்தார். அவர்தம் பெருமைக்கு இதனையும் ஒரு சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

1913இல் சென்னைக்கு வந்தபோது, துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த இராமானுசனின் கணிதக் குறிப்புகளைக் கண்டார். அவ்விளைஞர் கவலையின்றி ஆராய உதவ வேண்டும் எனச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார். அவ்வாண்டே திங்கள்தோறும் 75 ரூபாய் உதவித்தொகை இராமானுசனுக்குக் கிடைத்தது.

வாக்கர் கண்ட பேருண்மை இதுவே: பசிபிக் மாகடலின்மேல் காற்றழுத்தம் மிகும்போது, இந்துமாகடலின்மேல் அது குறைகின்றது, அங்குக் குறையும்போது இங்கு மிகுகின்றது. தராசின் தட்டுகள் போன்ற இம்மாற்றத்திற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். ஆனால், காரணத்தை அவரால் கூற இயலவில்லை. அதனால் அறிஞர் பலர் ஐயுற்றனர். பருவமழையை உறுதியாக முன்னறிவிக்கும் அவர்தம் எண்ணமும் முற்றும் நிறைவேறவில்லை. 1924இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். இலண்டனில் பத்தாண்டுகள் வானிலைப் பேராசிரியராக விளங்கினார். 1958இல், தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார்.

காரணம் கடலில் இருந்தது. இந்தோனேசியத் தீவுகளைச் சூழ்ந்த நீர் வெம்மை மிக்கது. பெரு நாட்டுக் கரையோர நீர் குளிர்ந்தது. வெந்நீரின்மேல் காற்று சூடேறி எழும். முகில் திரண்டு மழை பொழியும். எழுந்த காற்று உயரே கிழக்கு நோக்கிச் சென்று, பெருவின் பக்கம் இறங்கி, கடற்பரப்பை ஒட்டி மீண்டும் மேற்கே வீசும். சில ஆண்டுகளில் இக்காற்றுத் தளரும். அப்போது வெந்நீர் கிழக்கே பரவும். மழையும் உடன் செல்லும். பெருவில் வெள்ளம் பெருகும். இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் வறளும். இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையும் பெரும்பாலும் குன்றும். எப்போதும் அவ்வாறு நிகழும் என்பதற்கில்லை. 1997இல் கடல் மிக வெம்மையுற்றும் இந்தியாவில் மழை குறையவில்லை. கடல் இவ்வாறு வெம்மையுறுதலை எல் நினோ என்பர். இத்தொடர்பை 1969இல் யாக்கோப் பியர்க்னெஸ் என்னும் அறிஞர் விளக்கினார்; அக்காற்றோட்டத்திற்கு வாக்கர் சுழற்சி என்றே பெயரிட்டார்.

தாது வருடப் பஞ்சத்தின் கொடுமை முற்றிய 1877ஆம் ஆண்டிலும் பசிபிக் மாகடல் அவ்வாறே வெம்மையுற்றிருந்தது என்பது பின்னாளில்தான் தெரியவந்தது.