சங்கிலியில் கட்டுண்ட மைந்தன்: பம்மல் சம்பந்தனாரும் ‘மனோகரா’வும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றிய மரபு தொன்மையானது. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அம்மூன்றனுள் நாடகமே மதிப்பிழந்து நின்றது. நடிப்போரைக் கூத்தாடி என்று இகழ்ந்தது அக்காலச் சமூகம். கற்றறிந்தோர் நாடகக் கொட்டகையின் வாயிலை மிதிக்கவும் தயங்கினர். அந்நிலையை மாற்ற முன்வந்தவர், தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்பெறும் பம்மல் சம்பந்த முதலியார். அவர்தம் இருபத்திரண்டாம் வயதில் மேடையேறிய ‘மனோகரா’, தாய், தந்தை, மைந்தன் என்னும் மூவர் உறவில் எழும் அறச்சிக்கலைப் பேசிய நாடகமாகும். திரைப்படத்தின் வாயிலாக அதன் பெயரை அறிந்தோர் பலர். மேடை வடிவில் அதனைக் கண்டோர் இன்று மிகச் சிலரே.

பிறப்பும் இளமையும்

சம்பந்தனார் 1873ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தார். தந்தையார் விசயரங்க முதலியார் தமிழாசிரியராகவும் பள்ளி ஆய்வாளராகவும் பணியாற்றியவர். இல்லம் முழுதும் நூல்கள் நிறைந்திருந்தன. தாயார் மாணிக்கவேலு அம்மையார் கூறிய புராண இதிகாசக் கதைகள் அவர்தம் இளமனத்தில் ஆழப் பதிந்தன. தந்தைவழி நூலறிவும் தாய்வழிக் கதைச்செல்வமும் அவருக்கு ஒருங்கே வாய்த்தன.

அவர் வளர்ந்த வடசென்னை அந்நாளில் விரைந்து மாறிக்கொண்டிருந்தது. இராயபுரத்தில் 1856ஆம் ஆண்டிலேயே புகைவண்டி நிலையம் திறக்கப்பட்டிருந்தது. கடற்கரையை ஒட்டித் துறைமுகம் உருவாகி வந்தது. வணிகரும் வழக்கறிஞரும் எழுத்தரும் சுமைதொழிலாளரும் அடுத்தடுத்து வாழ்ந்த அப்பகுதியில் தமிழோடு தெலுங்கும் ஆங்கிலமும் நாள்தோறும் செவியில் விழுந்தன. மாநிலக் கல்லூரியில் பயின்ற சம்பந்தனார் ஆங்கில நாடகங்களை விரும்பிக் கற்றார்; ஆயின், தமிழ் நாடகங்களின்பால் தொடக்கத்தில் அவருக்கு விருப்பம் இருந்ததில்லை.

சபையின் தோற்றம்

பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்லு என்பவரின் குழு 1891ஆம் ஆண்டு சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடத்தியது. கற்றோரும் நன்மதிப்புப் பெற்றோருமே அவற்றில் வேடம் புனைந்தனர். அதனைக் கண்ட சம்பந்தனாரின் எண்ணம் அடியோடு மாறிற்று. தெலுங்கில் இயன்றது தமிழில் இயலாதோ என்னும் ஏக்கம் அவரைச் செயலில் இறக்கியது. அவ்வாண்டிலேயே நண்பர் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையை நிறுவினார். ஊதியம் கருதாது, கலையார்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு நடிப்போரின் அமைப்பு அது.

சென்னை நடுவண் புகைவண்டி நிலையத்திற்கு அருகில் செந்நிறக் கட்டடமாக எழுந்து நின்ற விக்டோரியா பொதுமண்டபம் சபையின் நாடகங்களுக்குக் களமாயிற்று. விடியவிடிய நீண்ட ஆட்டத்தைச் சில மணி நேர அளவிற்குள் அமைத்ததும், பாடல்களின் மிகுதியைக் குறைத்து உரையாடலுக்கு முதன்மை தந்ததும் சம்பந்தனார் செய்த பெரும் மாற்றங்களாகும். கதைமாந்தர் தம் உள்ளத்தைப் பேச்சினாலேயே வெளிப்படுத்தும் நிலை இதனால் உருவாயிற்று. குடும்ப உறவின் நுண்ணிய பிணக்குகளை மேடையில் காட்டுதற்கு இவ்வுரைநடையே வழிவகுத்தது.

நாடகத்தின் கரு

1895ஆம் ஆண்டு ‘மனோகரா’ அரங்கேறியது. அரசன் புருஷோத்தமன் வசந்தசேனை என்பாள்மீது கொண்ட மோகத்தால் பட்டத்தரசி பத்மாவதியைப் புறக்கணிக்கிறான். மைந்தன் மனோகரன் பெருவீரன். தாய்க்கு நேர்ந்த இழிவு கண்டு கொதிப்பவன். எனினும், தன் இசைவின்றித் தீங்கொன்றும் செய்தலாகாது என்று தாய் விதித்த ஆணை அவனைத் தடுத்து நிறுத்துகிறது. பகைவரை வென்ற கைகள் தாயின் சொல்லால் கட்டுண்டு கிடக்கின்றன. பின்னர், தந்தையின் கட்டளையால் இரும்புச் சங்கிலியும் அவன் உடலைப் பிணிக்கிறது. தாயின் கற்பின்மீதே பழி சுமத்தப்படும்போது, பொறுமையே உருவான பத்மாவதி தன் ஆணையிலிருந்து மகனை விடுவிக்கிறாள். சங்கிலி அறுபடுகிறது.

மனோகரனைக் கட்டியவை இரண்டு: ஒன்று சொல், மற்றொன்று இரும்பு. இரும்பை அறுக்கும் ஆற்றல் அவனுக்கு முன்னரே உண்டு. சொல்லை மீறும் மனமே அவனுக்கு இல்லை. தந்தையைப் போற்றுதல் கடமை. தாயின் மானம் காத்தலும் கடமை. இரண்டும் எதிரெதிரே நிற்கும்பொழுது மைந்தன் யார் பக்கம் நிற்பது என்பதே நாடகத்தின் உயிர்நிலை.

பிற்காலத்தில் ‘அமலாதித்யன்’ என்னும் பெயரில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைத் தமிழில் அளித்தவர் சம்பந்தனார். அவ்விரு நாடகங்களையும் ஒப்புநோக்கின் ஒரு வேறுபாடு விளங்கும். ஹாம்லெட் தாயின் செயலால் மனம் நொந்து தந்தைக்காகப் பழிவாங்க நினைப்பவன். மனோகரனோ தந்தையின் செயலால் நொந்து தாய்க்காகப் பொங்குபவன். தாயை அறத்தின் வடிவாகக் காணும் தமிழ்மரபு இங்கே மேலோங்கி நிற்கிறது.

மேடையும் திரையும்

சம்பந்தனார் மனோகரனாகத் தாமே நடித்துப் புகழ்பெற்றார். பெண் வேடங்களை ஆண்களே ஏற்ற அக்காலத்தில், அவர்தம் உற்ற நண்பர் ரங்கவடிவேலு நாயகி வேடங்களில் ஒளிர்ந்தார். தொழில்முறைக் குழுக்களும் சிறுவர் நாடகக் குழுக்களும் ‘மனோகரா’வை ஊர்தோறும் நடத்தின. அவ்வை தி. க. சண்முகமும் மனோகரனாக நடித்துப் பாராட்டுப் பெற்றார். பிறர் நாடகத்தை நடத்துவோர் ஆசிரியரின் இசைவைப் பெறவேண்டும் என்னும் நெறியைச் சம்பந்தனார் உறுதியுடன் வலியுறுத்தினார்.

1936இல் இந்நாடகம் திரைப்படமானபோது, இளமையில் மைந்தனாக நடித்த அவர் முதுமையில் புருஷோத்தமனாகத் தோன்றினார். 1954இல் கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலில், சிவாஜி கணேசன் நடிப்பில் வெளிவந்த திரைப்படம் பெருவெற்றி கண்டது. அதன் பேரொளியில் மூலநாடகம் மெல்ல மறைந்தது. பத்மாவதிக்கும் மனோகரனுக்கும் முதன்முதலில் உயிரூட்டியவரின் பெயரும் பொதுமக்கள் நினைவில் மங்கிற்று.

நிறைவு

வழக்கறிஞராகத் தொழிலாற்றிய சம்பந்தனார், 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கினார். அறமன்றத்தில் அமர்ந்தவரே அரங்கிலும் நின்றமையால் நாடகத்தின்மீது படிந்திருந்த இழிவு நீங்கத் தொடங்கியது. சத்தியமூர்த்தி முதலிய சான்றோரும் சபையின் மேடையில் நடித்தனர். தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றிய அவர், தம் பட்டறிவை ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் நூலாகவும் வழங்கினார். 1959இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1964இல் அவர் மறைந்தார்.

அரசவையில் நிகழ்வதாக அமைந்தாலும், ‘மனோகரா’ ஒரு வீட்டின் கதையே ஆகும். பெற்றோரிடையே பிளவு நேரும்பொழுது பிள்ளையின் நெஞ்சம் படும் பாட்டினை, இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் தமிழ் மேடைக்கு உரைநடையில் கொண்டுவந்தார். அத்துயரம் காலத்தால் பழமையடைவதன்று. ஆகவே, திரையில் கண்ட கதையின் வேரை நாடக நூலில் தேடிக் கற்பதும், மீண்டும் அதனை மேடையேற்றிக் காண்பதும் அப்பெருந்தகைக்குச் செய்யும் நன்றிக்கடனாகும்.