25 ரூபாயோடு போனார். ஓட்டலுக்கே அதிபர் ஆனார்!

தருமபுரி பஸ் நிலையத்தில் விடியற்காலையில் நின்று பாருங்கள். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் இருந்து வந்த பிள்ளைகள், கையில் ஒரு பையோடு பெங்களூர் பஸ்சுக்குக் காத்து நிற்பார்கள். மழை ஏமாற்றிய வருடங்களில் கூட்டம் இன்னும் அதிகம். ஓட்டல் வேலைக்குப் போகிறவர்களும் அதில் உண்டு. மேசை துடைக்கிறவனுக்கும், பில் எழுதுகிறவனுக்கும் என்ன எதிர்காலம் என்று பெற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

100 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி வேலை தேடிப் புறப்பட்ட ஒரு வாலிபரின் கதை இது. அவர் பெயர் மோகன் சிங் ஓபராய்.

தந்தை முகம் அறியாதவர்

அவர் பிறந்தது 1898-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. பவுன் என்ற பஞ்சாப் கிராமம். அது இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது தந்தை இறந்துவிட்டார். தாயார் சின்னஞ்சிறு விதவை. அவர் பட்ட பாட்டை விவரிக்க வேண்டியது இல்லை. நம் ஊரில் நாம் பார்க்காத பாடா?

எப்படியோ மகனை லாகூர் கல்லூரி வரை அனுப்பினார். பணம் இல்லாமல் படிப்பு பாதியில் நின்றது. மோகன் சிங் டைப் அடிக்கவும் சுருக்கெழுத்து எழுதவும் கற்றுக்கொண்டார். வேலை கிடைக்கவில்லை. உறவினரின் செருப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தார். கலவரம் வந்தது, தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இதற்கு நடுவில் கலியாணமும் ஆகிவிட்டது.

1922-ம் ஆண்டு ஊரில் பிளேக் நோய் பரவியது. மகன் அங்கே இருக்கக் கூடாது என்று தாயார் நினைத்தார். கையில் இருந்த 25 ரூபாயைக் கொடுத்து அனுப்பினார்.

சிசில் ஓட்டல்

மோகன் சிங் போய்ச் சேர்ந்த ஊர் சிம்லா. வெள்ளைக்கார சர்க்கார் கோடைக்காலத்தில் அந்த மலை மீதுதான் இருக்கும். சர்க்கார் குமாஸ்தா பரீட்சை எழுதினார். தோல்வி!

ஊர் திரும்ப மனம் இல்லை. அங்கே சிசில் என்று ஒரு பெரிய ஓட்டல். துரைமார்களும் ராஜாக்களும் தங்கும் இடம். தயங்கித் தயங்கி உள்ளே போய் மானேஜரிடம் வேலை கேட்டார். கிடைத்தது. பில் எழுதும் குமாஸ்தா. சம்பளம் மாதம் 50 ரூபாய்க்கு மேல் இல்லை.

கணவனும் மனைவியும் குடியிருந்தது மலைச்சரிவில் ஒரு சின்ன அறை. சுவர் அழுக்காக இருந்தது. ஆள் வைக்கப் பணம் ஏது? தாமே வெள்ளை அடித்தார். கை கொப்பளித்துவிட்டது.

ஓட்டலிலும் அப்படித்தான். பில் மேசையோடு தம் வேலை முடிந்தது என்று அவர் இருக்கவில்லை. பிற வேலைகளையும் தாமே கேட்டு வாங்கிச் செய்தார். ஒரு ஓட்டல் எப்படி நடக்கிறது என்பதை இப்படித்தான் கற்றார். (சம்பளம் கொடுக்காமல் கூடுதல் வேலை வாங்குகிற முதலாளிகள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்!)

100 ரூபாய் நோட்டு

சுயராஜ்யக் கட்சித் தலைவர் மோதிலால் நேரு சிசில் ஓட்டலில் தங்குவது வழக்கம். ஒரு நாள் அவருக்கு அவசரமாக ஒரு முக்கியமான அறிக்கை டைப் அடிக்க வேண்டி இருந்தது. பில் எழுதுகிறவருக்கு அது வேலையே அல்ல. ஆனாலும் மோகன் சிங் வாங்கிக்கொண்டார். இரவு முழுவதும் கண் விழித்து அடித்து, காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மோதிலால் 100 ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமம்! குமாஸ்தாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பணத்தில் மனைவிக்கு ஒரு கைக்கெடிகாரம் வாங்கினார். குழந்தைக்குத் துணி வாங்கினார். தமக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கினார். சிம்லாவில் மழை பெய்தால் சும்மா பெய்யாது.

நகைகள் போயின

இவருடைய உழைப்பைக் கவனித்தவர் கிளார்க் என்ற வெள்ளைக்காரர். அவர் சொந்தமாகச் சிம்லாவில் ஒரு சிறு ஓட்டலை எடுத்து நடத்தியபோது, மோகன் சிங்கையும் அழைத்துக்கொண்டார். ஒரு முறை கிளார்க் விடுமுறையில் சீமைக்குப் போனார். பொறுப்பு முழுவதும் மோகன் சிங் கையில். அந்த மாதங்களில் அறைகள் முன்னைவிட அதிகமாக நிரம்பின.

பிறகு கிளார்க் ஓட்டலை விற்றுவிட்டு இங்கிலாந்துக்கே போக முடிவு செய்தார். வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டது மோகன் சிங்கிடம். கையில் பணம் எங்கே இருக்கிறது? மனைவி இஷ்ரன் தேவியின் நகைகளும், இருந்த சொத்து எல்லாமும் அடகுக்குப் போயின. தொழில் படுத்தால் குடும்பம் தெருவில் நிற்க வேண்டியதுதான். 1934-ம் ஆண்டு கிளார்க்ஸ் ஓட்டல் அவருடையது ஆயிற்று.

அடுத்த துணிச்சல் கல்கத்தாவில். அங்கே 500 அறைகள் கொண்ட கிராண்டு ஓட்டல் பூட்டிக் கிடந்தது. தொற்றுநோய் வந்து ஆட்கள் செத்த இடம் என்று ஜனங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவே பயந்தார்கள். ஓபராய் அதைக் குத்தகைக்கு எடுத்தார். உலகப் போர் மூண்டது. கல்கத்தாவில் பட்டாளத்தார் குவிந்தார்கள். தங்க இடம் இல்லை. கிராண்டு ஓட்டல் நிரம்பியது.

1943-ம் ஆண்டு, பல ஊர்களில் ஓட்டல் நடத்திய ஒரு கம்பெனி அவர் கைக்கு வந்தது. டெல்லி, லாகூர், ராவல்பிண்டி, பெஷாவர் ஓட்டல்களோடு சிம்லாவின் சிசில் ஓட்டலும் அந்தக் கம்பெனியைச் சேர்ந்ததுதான்! 21 வருடத்துக்கு முன் வேலை கேட்டுத் தயங்கி நின்ற அதே வாசல்.

நாடு பிரிந்தபோது சில ஓட்டல்கள் எல்லைக்கு அப்பால் போயின. இருந்தாலும் அவர் ஓயவில்லை. ஓட்டல் வேலைக்குப் பெண்களைச் சேர்த்தார். 1966-ம் ஆண்டு ஓட்டல் தொழில் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளியே தொடங்கினார். பாராளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார்.

பழைய சிசில் ஓட்டலைப் பிரித்துப் புதுப்பித்து 1997-ம் ஆண்டு திறந்தார்கள். அப்போது ஓபராய்க்கு வயது 98. 2002-ம் ஆண்டு மே 3-ந் தேதி, 103 வயதில் அவர் காலமானார்.